அழுதால் கண்ணீர் வராத பிள்ளை

என் அண்ணன் மகனுக்கு இருப்பது எம்.இ.என். 2பி என்ற மரபணு நோய். டர்பனில் எங்கள் சொந்தத்தில் யாரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, அவ்வளவு அபூர்வம். ஆனால் அடையாளங்கள் எல்லாம் வருடக்கணக்கில் எல்லார் கண் முன்னாலும் இருந்தன, அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

கைக்குழந்தையிலிருந்தே வயிறு உப்பிக்கொள்ளும், மலம் சரியாகப் போகாது. ஆயா விளக்கெண்ணெய் கொடுத்தார், கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். வீறிட்டு அழுவான், கண்ணீர் வராது. கள்ள அழுகை என்று பேர் வைத்தாயிற்று. உதடு தடித்துக்கொண்டே போனது, தாத்தா உதடாம், அதில் ஒரு பெருமை வேறு! நாக்கு நுனியிலும் ஓரத்திலும் வெந்த ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன முண்டுகள். ஒல்லி உடம்பு, நீளமான கை கால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் கைவசம் இருந்தது.

நாக்கையும் வயிற்றையும் சேர்த்து யோசித்தவர் ஒரு பல் டாக்டர். அந்த முண்டுகள் நரம்புத் திசுவால் ஆனவை, குடல் சுவரிலும் நரம்பு முடிச்சுகள் அப்படியே பெருத்துக் கிடக்கும், மலச்சிக்கல் அதனால்தான்.

இந்த நோய்க்குக் காரணம் 10-ஆம் குரோமோசோமில் இருக்கும் ரெட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். பெரும்பாலானவர்களிடம் எம்918டி என்ற ஒரே மாற்றம்தான். அது தைராய்டில் உள்ள சி செல்களைப் புற்றுநோயாக்குகிறது, சில பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே. பிறந்தவுடன் தெரிந்துவிட்டால் முதல் வருடத்திலேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்வது அதனால்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது: வழக்கமான தைராய்டு ரத்தப் பரிசோதனை நார்மல் என்றே வரும், ஏனென்றால் இந்த செல்கள் சுரப்பது தைராய்டு ஹார்மோனை அல்ல, கால்சிடோனினை. அதைத் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். இவனுக்குப் பார்த்தபோது எக்கச்சக்கமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்தது, ஆயுசுக்கும் தைராக்சின் மாத்திரை.

"நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று ஆயா இன்னும் கேட்கிறார். எம்918டி பெரும்பாலும் அந்தப் பிள்ளையிடம்தான் புதிதாக ஏற்படுகிறது. அண்ணன், அண்ணி இருவர் ரத்தத்திலும் அது இல்லை. பரம்பரை இவனிடமிருந்துதான் தொடங்குகிறது, இவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று டாக்டர் படிவத்தில் எழுதிவிட்டு நகர்ந்தால் எரிச்சல் வராதா?

அப்புறம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் அங்கே ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வருகிறது, படபடப்பு, வியர்வை, தலைவலி, ரத்த அழுத்தம். 11 வயதிலிருந்து வருடா வருடம் பார்க்க வேண்டும், எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் பார்க்க வேண்டும், தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.