பி-யில் எடுக்காது, என்-னில் எடுக்கும்

செல்ஃப் அடிக்கவில்லை என்று ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிடுவேன். காலையில் முதல் தடவை எடுக்கும்போதா, கடைவீதியில் நிறுத்திவிட்டு வந்து எடுக்கும்போதா? மழை பெய்திருந்ததா? கியர் லீவர் எந்த எழுத்தில் நின்றது, 'பி' (பார்க்), 'ஆர்' (ரிவர்ஸ்), 'என்' (நியூட்ரல்), 'டி' (டிரைவ்) இதில் எது? சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தமாவது வந்ததா, ஒன்றுமே இல்லையா? கேட்டால் எல்லோரும் பொறுமையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

குமரி மாவட்டம் தக்கலையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் எங்கள் பக்கம் ஆட்டோமேட்டிக் என்றால் டாக்டர் வீட்டிலோ கல்ஃபிலிருந்து திரும்பியவர் வீட்டிலோ நிற்கும். 2014-இல் மாருதி செலரியோவில் ஏஎம்டி, அதாவது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும் வகை, வந்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்கும் கிளட்ச் இல்லாத வண்டி வர ஆரம்பித்தது. சாயங்காலம் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் கிளட்சை மிதித்தே கால் வலித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அந்த ஏஎம்டி வண்டிகளில் பொதுவாக 'பி' கிடையாது. 'என்'-னில் வைத்து பிரேக்கை மிதித்து எடுக்க வேண்டும். டார்க் கன்வர்ட்டர், சிவிடி என்று சொல்லும் மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளில் 'பி' உண்டு. நான் சொல்ல வருவது இந்த இரண்டாவது வகையில் வரும் ஒரு கோளாறைப் பற்றி.

ஐப்பசி மழை நேரத்தில் மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் ஏற்கெனவே நிறைய செலவு செய்திருந்தார்.

"பேட்டரி புதுசு தம்பி. செல்ஃப் மோட்டாரையும் மாத்திக் குடுத்தாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்தது. மழை பெஞ்சா மறுபடியும் எடுக்க மாட்டேங்கு."

"எடுக்காத நேரம் நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?"

"லீவரை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாப்பேன். என்-ல போட்டா சில நேரம் எடுத்துரும்."

இந்தக் கடைசி வாக்கியம் ஒன்று போதும். பேட்டரி சரியில்லை என்றால் 'பி'-யிலும் எடுக்காது, 'என்'-னிலும் எடுக்காது. செல்ஃப் மோட்டாருக்கும் லீவர் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அது தெரிந்த பொருள் வண்டியில் ஒன்றுதான், கியர் பொசிஷன் சுவிட்ச். நியூட்ரல் சுவிட்ச் என்றும் சொல்வோம், இன்ஹிபிட்டர் என்றும் சிலர் சொல்வார்கள்.

லீவரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஷாஃப்டை அது திருப்பும். அந்த ஷாஃப்டின் மேலேயே சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். பழைய வகை சுவிட்சுக்குள் செம்புத் தகடுகள், அவற்றின் மேல் உரசி நகரும் காண்டாக்ட். 'பி'-யிலும் 'என்'-னிலும் செல்ஃப் ரிலேக்கு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் பொருளுக்கு, போகும் லைன் சேரும். 'ஆர்'-இல் ரிவர்ஸ் லைட் லைன் சேரும். மற்ற லைன்கள் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்லும், மீட்டரில் எழுத்து வருவதும் அதை வைத்துத்தான். நாம் லீவரை எங்கே வைத்தோம் என்பது கம்ப்யூட்டருக்கு நேரடியாகத் தெரியாது, சுவிட்ச் சொல்வதைத்தான் அது நம்பும். அதனால் இந்த ஒரு சுவிட்ச் கெட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி பல கோளாறுகள் தெரியும். ஒருநாள் செல்ஃப் அடிக்காது, இன்னொருநாள் ரிவர்ஸ் லைட் எரியாது, அப்புறம் ஓடும்போது எழுத்து மறைந்து கியர் மாறுகையில் 'டம்' என்று அடி விழும்.

காதும் நிறைய சொல்லும். பேட்டரி இறங்கியிருந்தால் 'டக் டக்' என்று கேட்கும், மீட்டர் லைட் மங்கும். சுவிட்ச் லைன் சேரவில்லை என்றால் மீட்டர் பளிச்சென்று எரியும், செல்ஃப் பக்கம் மூச்சே இருக்காது, ரிலே கூட தட்டாது. டீச்சரின் வண்டியில் இப்படித்தான் இருந்தது.

அதற்காக உடனே சுவிட்சைக் கழற்றக் கூடாது. முதலில் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்தேன். பிரேக் சுவிட்ச் போனாலும் பட்டன் ஸ்டார்ட் வண்டி எடுக்காது, லீவரும் 'பி'-யை விட்டு வராது. இங்கே லைட் எரிந்தது, லீவரும் வந்தது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் P0705 என்ற எரர் கோட் வந்தது. கியர் பொசிஷன் சென்சார் சர்க்யூட் என்று அதற்கு அர்த்தம். சர்க்யூட் என்றால் சுவிட்ச் மட்டும் இல்லை, கப்ளர் (வயர்களைச் செருகும் இணைப்பு), வயர், ஃபியூஸ், எர்த், கம்ப்யூட்டர் எல்லாமே அதில் அடங்கும். எரர் கோட் ஊரைச் சொல்லும், வீட்டு நம்பரை நாம்தான் தேட வேண்டும். எரர் கோடைப் பார்த்த உடனே புது சுவிட்சுக்கு ஆர்டர் போடும் பழக்கம் எங்கள் தொழிலில் பெருகிவிட்டது. அந்தத் தப்புக்கான காசு வண்டிக்காரர் கையிலிருந்து போகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்ச் அந்தந்த நொடியில் சொல்வதைக் காட்டும் லைவ் டேட்டாவை ஸ்கேனரில் திறந்து வைத்தேன். என்னிடம் வேலை பழகும் பையன் உள்ளே உட்கார்ந்து லீவரை நகர்த்தினான்.

"மெல்ல மக்கா. ஒவ்வொண்ணுலயும் நிறுத்தி, விரலால லேசா ஆட்டிப் பாரு."

"ஆசானே, பி போயிட்டு... இப்ப வந்துட்டு."

'ஆர்', 'என்', 'டி' எல்லாம் அசையாமல் நின்றன. 'பி' மட்டும் தொட்டால் மறைந்தது. கேபிள் தளர்ந்திருந்தால் எல்லா இடமும் ஒரே பக்கமாக விலகியிருக்கும். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு கேபிள் முனையைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். கட்டை வைக்காமல் இதைச் செய்யவே கூடாது, 'பி' விட்டால் வண்டி உருண்டுவிடும். கையால் அசைத்தபோதும் அதே இடத்தில் அதே தடுமாற்றம். கேபிள் மேல் தப்பில்லை.

சில வண்டிகளில் பேட்டரி தட்டைக் கழற்றினால்தான் சுவிட்ச் கண்ணில் படும். இதுவும் அப்படித்தான். கப்ளரைப் பிரித்தபோது ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கடற்கரை ஊர், உப்புக்காற்று. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. எங்கள் மாவட்டத்தில் வண்டி காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு. களிம்பைத் துடைத்து ஸ்பிரே அடித்ததும் வண்டி முதல் அடியிலேயே எடுத்தது. பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிற நேரம் இதுதான். பின்னில் களிம்பு இருந்தது என்பதால் சுவிட்சுக்குள் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

ஸ்டார்ட் லைனின் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தேன். 'என்'-னில் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே, அதாவது லைன் நன்றாகச் சேர்கிறது, அசையவே இல்லை. 'பி'-யிலும் முதலில் அப்படித்தான் காட்டியது. ஷாஃப்டை ஒரு நூல் அளவு தள்ளியதும் நூற்றுக்கணக்கில் ஏறி, அப்புறம் முழுக்க விட்டுப்போனது. கோளாறு உள்ளேதான்.

கழற்றிய சுவிட்சைப் பிறகு உடைத்துப் பார்த்தோம். கிரீஸ் செம்புத் தூளோடு கலந்து கறுத்த பசையாகிக் கிடந்தது. 'பி' இருக்கும் இடத்தில் தகடு பள்ளம் விழுந்து, ஓரத்தில் கருகி, அடியிலிருந்த பிளாஸ்டிக் தெரிந்தது. 'என்' பக்கம் தகடு புதுசு போல மின்னியது. டீச்சர் எப்போதும் 'பி'-யில் வைத்துத்தான் எடுப்பார், செல்ஃப் ரிலேக்கான கரண்ட் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தின் வழியாகவே போகும். தகடு தேய்ந்து அழுத்தம் குறைந்த இடத்தில் கரண்ட் பாய்ந்தால் சூடாகும், கருகும். அதோடு ஈரமும் சேர்ந்தால் அவ்வளவுதான். பையன் அந்தத் தகட்டை வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாடமாகப் பத்து தடவை சொல்வதை விட அது மேல்.

புது சுவிட்ச் மாட்டுவதில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்டை 'என்'-னில் வைத்து, சுவிட்சில் இருக்கும் குறியோடு நேர் பார்த்துத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். போல்ட் ஓட்டை நீளவாக்கில் இருப்பதே அந்த அட்ஜஸ்ட்மென்டுக்காகத்தான். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, காலால் பிரேக்கை அழுத்தி, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, 'பி'-யிலும் 'என்'-னிலும் எடுக்கிறதா என்று சோதிக்க வேண்டும். 'ஆர்'-இலும் 'டி'-யிலும் எடுக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ரிவர்ஸ் லைட், மீட்டர் எழுத்து இரண்டையும் பார்த்து, எரர் கோடை அழித்துவிட்டு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஓட்டிப் பார்த்தோம். அந்த ஏற்றத்திலும் வளைவிலும் கியர் நன்றாக மாறினால் எனக்குத் திருப்தி.

டீச்சரிடம் வேறு ஒருவர் முன்பே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: "ரெண்டு வயரை ஜாயின்ட் அடிச்சுட்டா எப்பவும் எடுக்கும், சுவிட்சே வேண்டாம்." இதை நான் பல வண்டிகளில் பார்க்கிறேன். எங்கள் ஊர் மேடும் பள்ளமுமான ஊர். வீட்டு முற்றத்திலிருந்து ரோட்டுக்கு நேரே சரிவாக இறங்கும் இடங்கள்தான் அதிகம். லீவர் 'டி'-யில் கிடப்பது தெரியாமல் யாராவது சாவியைத் திருப்பினால், இஞ்சின் பிடித்த நொடியே வண்டி முன்னால் பாயும். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த லைனே வைத்திருக்கிறார்கள். வேறு வேலைக்கு வந்த வண்டியில் அந்த ஜாயின்ட் கண்ணில் பட்டாலும் அதைப் பிரித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், போகட்டும்.

இந்த மாதிரி வேலைக்கு எங்களைப் போன்ற சின்ன ஒர்க்ஷாப்புகளுக்குப் பெரிய தடை வயரிங் படம்தான். எந்த இரண்டு பின் ஸ்டார்ட் லைன் என்று தெரியாமல் மீட்டரை வைத்து என்ன பயன்? அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டி சாதாரண சர்வீசுக்கு வரும்போதே, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பின் வாரியாக அளந்து நோட்டில் எழுதி வைக்கிறோம். பையன்தான் எழுதுவான், அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். கேட்கிற எலக்ட்ரீஷியன்களுக்கு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

புதிய வண்டிகள் பலவற்றில் செம்புத் தகடே இல்லை. ஷாஃப்டோடு நகரும் காந்தத்தை, தொடாமலேயே ஹால் சென்சார் படிக்கிறது. அதில் கன்டின்யூட்டி (லைன் சேர்கிறதா என்று) பார்த்தால் ஒன்றும் தெரியாது, டெஸ்ட் லாம்ப் வைத்தால் சென்சாரே போக வாய்ப்புண்டு. சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிலவற்றில் சென்சார் கியர்பாக்ஸுக்குள் ஆயிலிலேயே கிடக்கிறது, அதைத் தொட ஆயிலை வடிக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பரிடம் ஆசிலோஸ்கோப், அதாவது சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் கருவி, இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு பையனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் படித்துக்கொண்டிருக்கிறோம்.