புளியங்கொட்டையில் ஒரு சூப்பர்நோவா: மூன்றாம் வாரம்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இந்த முறை புளி நல்ல காய்ப்பு. அமுச்சி கொட்டை நீக்கிக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்ததும்தான் இந்த யோசனை வந்தது.

1998 ஏப்ரல் 25-இல் ஒரு காமா கதிர் வெடிப்பு (விண்வெளியிலிருந்து திடீரென வரும் காமா கதிர் வீச்சு) பதிவானது. அதே இடத்தில் எஸ்என் 1998பிடபிள்யூ என்ற சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன், தெரிந்தது. காமா கதிர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சூப்பர்நோவாவோ இரண்டு வாரத்துக்கு மேல் பிரகாசம் கூடி, அப்புறம் மாதக்கணக்கில் மங்கியது. அந்த மங்கலைக் கையால் செய்து பார்க்க ஆசை.

வெடிப்பில் உண்டான நிக்கல்-56 என்ற கதிரியக்க அணுக்கள் ஆறு நாளில் பாதி கோபால்ட்-56 ஆகிவிடும். கோபால்ட் 77 நாளில் பாதி இரும்பாகும். அந்தச் சிதைவுதான் வெளிச்சத்துக்குத் தீனி.

ஒரு கொட்டை ஒரு நிக்கல் அணு என்று வைத்துக்கொண்டு, 128 கொட்டைகளை ஒரு பக்கம் திண்ணைக் கல்லில் உரசி, முறத்தில் போட்டுக் குலுக்கினேன். ஒரு குலுக்கல் ஆறு நாள்; உரசிய வெள்ளை மேலே வந்தால் கோபால்ட், அதைத் தனித் தட்டுக்கு மாற்றிவிட்டு மீதியைத் திரும்பக் குலுக்க வேண்டும். "ஏஞ்சாமி, தாயமாட இத்தனை கொட்டையா?" என்றார் அமுச்சி.

முதல் குலுக்கலில் வெள்ளை 43 மட்டுமே. உரசிய பக்கம் தட்டையாகி, கொட்டை அதன்மேலேயே உட்கார்ந்துவிடுகிறது! மறுபக்கத்தையும் அதே அளவு உரசி, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் தடவினேன். இப்போது 61. போதும். எட்டாவது குலுக்கலில் நிக்கல் தீர்ந்தது. கோபால்ட் தட்டில் குலுக்கலுக்கு 19-இல் ஒன்று வீதம் எடுத்தேன்.

கணக்கு இங்கேதான் இடித்தது. கோபால்ட் மட்டும் என்றால் 100 நாளில் ஒரு மேக்னிட்யூட் (விண்மீன் பிரகாசத்தின் அளவு; ஒன்று மங்கினால் வெளிச்சம் சுமார் இரண்டரை மடங்கு குறையும்) அளவே மங்க வேண்டும். 1998பிடபிள்யூ ஏறத்தாழ 1.8 மங்கியது. இரண்டு நாள் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் கசிவு. சிதறிய பொருள் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வரை வேகத்தில் விரிகிறது. நாள் இரட்டித்தால் அதன் அடர்த்தித் திரை நாலில் ஒன்றாக மெலியும். கோபால்ட் விடும் காமா கதிர் உள்ளே சூடேற்றாமல் நேராக வெளியே போய்விடுகிறது. 50-ஆம் நாள் அநேகமாக எல்லாம் பிடிபடுகிறது, 150-ஆம் நாள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்று போட்டேன். 1.8 வந்தது! நோட்டை எடுத்துக்கொண்டு அமுச்சியிடம் ஓடினேன்.

அடுத்து 300-ஆம் நாள் வரை இழுக்கப் போகிறேன். அதற்குள் 128-இல் பத்துக் கொட்டைகூட மிஞ்சாது. இன்னும் ஒரு படி கேட்டு வைத்திருக்கிறேன்.