4974-ஐ எங்கே வைப்பது

ஜூன் 9

அம்பைப் பிள்ளையின் (அம்பாசமுத்திரத்து மாணவி) பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் இருப்பது பிரவுசிங் சென்டர்காரர் செல்போன் நம்பர். ஓடிபி அவருக்குத்தான் போகும், பாஸ்வேர்டும் அவரிடம். விருப்பக் கல்லூரிப் பட்டியல் போடுற நாளில் அந்த லாகினுக்குள் போய் வரிசையை யாரும் மாற்றிவிடலாம். கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இப்படித்தான் தங்கள் கல்லூரியின் கோடு எண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்பா துபாயில் இருப்பதால் அவர் நம்பர் சரிப்படாது, அம்மா நம்பர் போதும். நாளைக்கே உதவி மையத்தில் போய்க் கேட்கச் சொல்லியிருக்கேன்.

ஜூன் 11

விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி போடும் ரேண்டம் எண் வந்தாச்சு. "பெருசா வந்திருக்கு டீச்சர், நல்லதா?" என்று காலையிலிருந்து போன். பெரிய எண்ணுக்குத்தான் முன்னுரிமை, ஆனால் அதுவரைக்கும் போவதே அபூர்வம். கட்ஆஃப் (200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்) சமமாக நின்றால் முதலில் கணக்கு, அப்புறம் இயற்பியல், அப்புறம் நாலாவது பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. இத்தனையும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம்.

அம்பைப் பிள்ளை: கணக்கு 99, இயற்பியல் 96, வேதியியல் 97. கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. 99 + 48 + 48.5 = 195.5. அவள் வகுப்பிலேயே இன்னொருத்திக்கு 97, 98, 99. அதுவும் 195.5 தான். மூன்று பாடத்தையும் கூட்டினால் இரண்டாமவளுக்கு 294, இவளுக்கு 292. ஆனாலும் கணக்கில் இரண்டு மார்க் கூட இருப்பதால் இவள்தான் முன்னே நிற்பாள். மறுகூட்டல் போட வேண்டுமென்றால் கணக்குக்குப் போடுங்கள் என்று ரிசல்ட் வந்த அன்றைக்கே சொன்னேன். அங்கே ஒரு மார்க் ஏறினால் கட்ஆஃபிலும் ஒரு மார்க் முழுசாக ஏறும்.

ஜூன் 12

குற்றாலத்தில் தண்ணி விழுதாம். இங்கே காற்று மட்டும்.

ஜூன் 14

பெருமாள்புரத்துப் பையனுக்கு ஜோசாவில் (ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான மத்தியக் கலந்தாய்வு) முதல் சுற்று வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். நினைத்தது சரியாப் போச்சு, மாநில அரசின் சாதிச் சான்றிதழை ஏற்றியிருக்கிறான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு அது போதும், மத்திய ஒதுக்கீட்டுக்கு ஆகாது. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் தனி, மத்திய அரசின் படிவம், அந்த வருஷம் ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கியிருந்தால் செல்லாது. இ-சேவையில் போட்டு வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகர்ந்து வருவதற்குள் கேள்விக்குப் பதில் சொல்லும் கெடு ஓடிவிடும். ஏப்ரல் இரண்டாம் தேதியே போட்டு வைக்க வேண்டிய காரியம். பெரிய பள்ளிக்கூடங்களில் இரண்டு வருஷம் மாதிரித் தேர்வு எழுத வைக்கிறார்கள், இந்த ஒரு தாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எரிச்சலாக வருது.

அவன் சித்தப்பா மகன் ராஜஸ்தானில் கோட்டா நகரப் பயிற்சி மையத்தில் தங்கிப் பிளஸ் டூவும் அங்கேயே எழுதியவன். திருச்சி என்ஐடியில் பாதி இடம் உள்மாநிலத்துக்கு. எந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தானோ அதுதான் என்ஐடி கணக்கில் அவன் மாநிலம். பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்குத் திருச்சி வெளிமாநிலம் ஆகிவிட்டது. பயிற்சிக்கு அனுப்பலாம், பிளஸ் டூவை இங்கே எழுத வைத்திருக்கணும். இங்கத்திக் கலந்தாய்வுக்கு வந்தாலும் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்த கணக்கு அவனுக்கு இல்லை, இருப்பிடச் சான்றிதழ் வேணும்.

ஜூன் 19

இன்னொரு பிள்ளையின் வீட்டில் ஒரிஜினல் டிசியைத் தனியார் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணமாம். ரேங்க் பட்டியலே வரவில்லை! ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்தது. கேட்டால் "நாளைக்கு வாங்க" என்கிறார்களாம். நாளைக்கும் போகச் சொன்னேன், எழுத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிட்டு வரணும்.

ஜூன் 20

அம்பை நம்பர் மாறியாச்சு.

ஜூன் 27

ரேங்க் பட்டியல். பொது ரேங்க் ஒன்று, சாதிவாரி ரேங்க் ஒன்று. எல்லாரும் முதலாவதைப் பார்த்து அழுகிறார்கள். பிசி (பிற்படுத்தப்பட்டோர்) 26.5 சதவீதத்தில் இடம் பிடிக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் முக்கியம். போன வருஷத்துக் கடைசிக் கட்ஆஃபையும் சாதிவாரியாகத்தான் எடுத்துப் பார்க்கணும், ஓசி (பொதுப் போட்டி) நெடுவரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

7.5 சதவீத உள்ஒதுக்கீடு மெட்ரிக் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இன்றைக்கு மட்டும் நாலு பேருக்குச் சொன்னேன்.

ஜூலை 8

ஆனித் தேர். ரத வீதியில் நிற்கும்போது துபாயிலிருந்து அம்பைப் பிள்ளையின் அப்பா போன், சத்தத்தில் பாதி கேட்கலை. "4974 கம்ப்யூட்டர் சயின்ஸை முதல்ல போடுங்க டீச்சர். சென்னை வேண்டாம். புள்ள வீட்லருந்து போய்ட்டு வரட்டும்."

4974 நம்ம திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் கோடு. நல்ல கல்லூரிதான், குறை சொல்ல மாட்டேன். பிள்ளை கேட்பது சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி. முதல் இடத்தில் 4974 என்றால் அவள் ரேங்குக்கு அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே போட்ட எதையும் கணினி திரும்பிப் பார்க்காது.

ஜூலை 9

அதையே நினைத்துக்கொண்டிருக்கேன்.

ஜூலை 13

விருப்பப் பட்டியல் போடும் தளம் நாளைக்குத் திறக்குது. நீளத் தாளில் கோடு போட்டு எழுத வைத்தேன்: கல்லூரிக் கோடு, பாடப் பிரிவுக் கோடு, போன வருஷம் பிசி கட்ஆஃப், கட்டணம். கிண்டி 1, குரோம்பேட்டை எம்ஐடி 4, பிஎஸ்ஜி 2006, மதுரை தியாகராசர் 5008, கோவில்பட்டி நேஷனல் 4962. பிரிவுப் பெயர் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் சுயநிதி, கட்டணம் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு சிஎஸ், அதே பாடம் எஸ்எஸ் என்றால் சிஎம். ஒரு எழுத்தில் மாறிவிடும்.

ஜூலை 14

வாட்ஸ்அப்பில் முக்கால் மணி நேரம் அம்பைப் பிள்ளையின் அப்பாவிடம் பேசினேன். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கும். அவள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும், இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். கிண்டியை மேலே போட்டுக் கிடைக்காமல் போனாலும் 4974-இல் அவளுக்கு உள்ள வாய்ப்பு அணுவும் குறையாது. மேலே பத்து ஆசையைப் போட்டதற்குத் தண்டனை எதுவும் இல்லை. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம்.

"அப்ப கிண்டி கிடைச்சுட்டா?" என்று கேட்டார். அதுதான் அவர் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

ஜூலை 15

பெருமாள்புரத்துப் பையன் ஜோசா இடத்தைப் பிடித்துக்கொண்டே இங்கேயும் பட்டியல் போடுகிறான். போடட்டும். அங்கிருந்து விலகுவதானால் கடைசிச் சுற்றுக்கு முன்னாலேயே விலகணும், தேதி தாண்டினால் கட்டிய பணம் போகும்.

ஜூலை 16

ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகவே லாக். நாலரைக்குச் சர்வர் திணறியது. காலையிலேயே ஒரு பட்டியலைச் சேமித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான், திணறினாலும் கடைசியாகச் சேமித்தது நிற்கும்.

மூன்றே முக்காலுக்கு அவள் அப்பா அழைத்தார். "அவ எழுதின மாதிரியே இருக்கட்டும். லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேன்." அச்செடுத்துப் பார்த்தேன். 4974 பதினொன்றாவது வரியில்.

ஜூலை 17

தற்காலிக ஒதுக்கீடு காலையில் வரும். நாளை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாகணும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே இருப்பதற்கும் காத்திருக்கிறேன் என்று கொடுத்தால், உதவி மையத்தில் கெடுவுக்குள் பணம் கட்டணும், கட்டாவிட்டால் இதுவும் போகும். ஏற்காமலே மேலே மட்டும் கேட்டால் கையில் எதுவும் இருக்காது. பேசாமல் இருந்துவிட்டாலும் இடம் போய்விடும்.

மணி பத்தே கால். அம்பையிலிருந்து இன்னும் போன் வரலை.