“ஒண்ணுமில்லய்யா, நீ போ”

ஜூலை 8, 2025, செவ்வாய் இரவு

கை இன்னும் நடுங்குகிறது. காலை ஆறரை மணி. மண்டபத்தில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் வந்துகொண்டிருந்தேன். உச்சிப்புளிக்கு முன்னால் கச்சான் காற்று ரோட்டோரம் மணலை வாரிச் சேர்த்திருந்தது. எதிரே பஸ். இடப்பக்கம் ஒதுங்கியபோது, ஓரமாக நடந்துபோன ஒரு ஆத்தாவை வண்டிக் கண்ணாடி தட்டிவிட்டது. தலையிலிருந்த ஓலைப்பெட்டியோடு விழுந்துவிட்டார். மணலைப் பார்த்தும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

எழுந்து உட்கார்ந்தவர் சிதறிய கருவாட்டைத்தான் தேடினார். “ஒண்ணுமில்லய்யா, நீ போ” என்றார். டீக்கடையில் இருந்தவர்களும் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ஆனால் அவர் இடது மணிக்கட்டை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். 108-ஐ அழைத்தேன். அவர் மகனுக்கு நானே போன் போட்டு, இடித்தது நான்தான் என்று சொன்னேன். அந்த ஒரு நிமிஷம்தான் இன்றைக்கு மிகக் கடினமானது.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டு, ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசம் என்பதால் பணம் கேட்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நான் போயிருந்தால், அந்தக் கையோடு சந்தையில் உட்கார்ந்திருப்பார்.

ஜூலை 9, புதன்

நேற்று மதியமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். “நீயாப் போய் மாட்டிக்காத மாப்ள” என்று மச்சான் தடுத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும், சம்பவ இடத்தில் போலீஸ் இல்லாவிட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். எலும்பு முறிவு என்பதால் வழக்குப் பதிந்து, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும்வரை வண்டி அங்கேதான் நிற்கும். அதுவரை லோடு கைவிட்டுப் போகத்தான் செய்யும், போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுத்தேன். பாலிசி எண், அது எதுவரை செல்லும், விபத்து நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், என் பெயர், லைசென்ஸ் விவரம். இதையும் அதே 134-தான் கேட்கிறது. பலர் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஆத்தாவுக்கு வரவேண்டிய இழப்பீடு என் பாலிசியிலிருந்துதானே வரவேண்டும்! ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடச் சொல்லி, பாலிசி நகலை அவர் மகனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 19, சனி

வண்டி வந்துவிட்டது. சாயங்காலம் ஆத்தாவைப் பார்க்கப் போனேன். விரல் வீக்கம் வற்றியிருக்கிறது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தலைக்கு ஏற்ற முடியும், அதனால் சந்தைக்குப் போகவில்லை என்றார். கட்டுப் பிரிக்கும்வரை நானே ஏற்றிப் போய் இறக்கிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு வரச் சொன்னார்.