போச்சம்பள்ளி மருமகளின் குடியுரிமை மனு

நான் பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். 2010-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மறு ஆண்டே இங்கு குடிவந்துவிட்டேன். என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து போனவர்தான். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கல்யாண வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் "நம் வீட்டுப் பெண் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள்" என்று வாயாரச் சொன்னார்கள். ஆனால் 2025-இல் இந்தியக் குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை சட்டத்தின் கணக்கில் நான் வெளிநாட்டவள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். "மனுதான் போட்டாகிவிட்டதே, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. மனு போட்ட பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

"ஓசிஐ அட்டை எடுத்துக்கொண்டால் போயிற்று, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்டவர்கள் உண்டு. இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கும் இந்தியரை மணந்த வெளிநாட்டினருக்கும் இந்தியா தரும் அட்டை அது. பலருக்கு அதுவே போதும். விசாத் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அந்த அட்டையை வைத்து வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தோப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில், பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் என் பெயரில் ஒரு சென்ட்கூட எழுத முடியாது என்பது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

நான் மனு செய்தது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவின்கீழ். இந்தியக் குடிமகனை மணந்து, இங்கே 7 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். அந்த 7 ஆண்டுக்குள் ஒரு உள்கணக்கு இருக்கிறது. மனு கொடுப்பதற்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 8 ஆண்டுகளில் 6 ஆண்டுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். தனிச் சூழ்நிலை இருந்தால் அந்த 12 மாதத்தில் 30 நாள் வரை தளர்த்திக்கொடுக்க 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

2018-இல் எனக்கு எல்லாத் தகுதியும் கூடிவந்த நேரத்தில் அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்த கையோடு திரும்பியிருந்தால் அந்தத் தளர்வைக் கேட்டிருக்கலாம். அம்மாவைத் தனியே விட்டுவர மனம் ஒப்பவில்லை. சில மாதங்கள் கூடவே இருந்துவிட்டேன். 12 மாதக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நிலை வந்தால் போய்விட்டு வாருங்கள். கணக்கை மறுபடி தொடங்கலாம், அப்பாவை மறுபடி வழியனுப்ப முடியாது.

2020 தொடக்கத்தில் இணையத்தில் மனுவைப் பதிந்து, அச்செடுத்து, ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். அடுத்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது. பதிந்தவுடன் வரும் கோப்பு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆவணங்களில் இரண்டு சிக்கல் வந்தன. மலேசியப் பாஸ்போர்ட்டில் நம் பெண்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று இருக்கும். இன்னாருடைய மகள் என்பதற்கு அந்த நாட்டு வழக்கம் அது. எங்கள் திருமணப் பதிவில் அதை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு ஆளா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக் கொடுத்த பிறகே அது தீர்ந்தது. மலேசியாவிலிருந்து வருபவர்கள் திருமணத்தைப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது என் கணவரின் பிறப்புச் சான்றிதழ். அதில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கிறது. அவருடைய பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 1965 வரை தருமபுரியே சேலத்தோடு இருந்தது. என் மாமனாரின் பழைய பத்திரங்களில் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கிறது. அந்தக் குடும்பம் அதே வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சான்று வாங்கி இணைத்தோம். 2004-க்கு முன் பிறந்த கணவர் உள்ள எவரும் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

விசாரணைக்குக் காவல் துறையிலிருந்து வந்தது ஒரு மாங்காய்ப் பருவத்தில். மாம்பழக் கூழ் ஆலைக்குப் போக வேண்டிய பெங்களூரா மாங்காய் வாசல் முழுக்கக் குவிந்து கிடந்தது. வந்தவர் உட்கார இடமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எப்போது வந்தீர்கள், மலேசியாவில் யார் இருக்கிறார்கள், வழக்கு ஏதாவது உண்டா, பணம் போக்குவரத்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு அத்தையிடம், "உங்கள் மருமகள் எங்கெங்கே போவார் அம்மா?" என்றார். "ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவாள், சந்தூர் முருகன் கோயிலுக்குப் போவாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகலாக என் பக்கத்திலேயே இருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சாமி" என்றார் அத்தை. அவர் எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு நீண்ட மௌனம். மாவட்டத்திலிருந்து சென்னைத் தலைமைச் செயலகம், அங்கிருந்து டெல்லியில் உள்துறை அமைச்சகம் என்று போக வேண்டிய கோப்பு, நடுவில் ஓர் அலுவலகத்தில் அசையாமல் கிடந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றால், அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. அதனால் என் ஒப்புதல் கடிதத்தை இணைத்து, கணவர் தம் பெயரில் கேட்டார். இத்தனை நாள் என் கோப்பு எந்த மேசையில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பதில் வந்த பிறகு கோப்பும் நகர்ந்தது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

இப்போது நான் பதறும் விஷயத்துக்கு வருகிறேன். மனு நிலுவையில் இருப்பது இந்தியாவில் தங்குவதற்கான அனுமதி ஆகாது. விசாவும் தங்கும் அனுமதியும் தனி. அவற்றைக் காலாவதியாகும் முன்பே நீட்டிக்க வேண்டும். மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டினர் பதிவு அதிகாரி. முன்பெல்லாம் நேரில் போய் நிற்போம். 2018-க்குப் பிறகு பெரும்பாலும் இணையத்திலேயே முடிகிறது. "உன்னிடம்தான் ஆதார் இருக்கிறதே" என்பார்கள். ஆதார் இங்கே வசிப்பவர்களுக்குத் தரப்படுவது, குடியுரிமைச் சான்று அன்று. இது பிள்ளைகளையும் தொடும். 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறக்கும் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகனாக வேண்டுமானால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தபோது என் விசா ஒழுங்காக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஏற்புக் கடிதம் 2024-இல் வந்தது. பழைய குடியுரிமையைத் துறந்ததற்குச் சான்று கொண்டுவந்தால் பதிவு செய்கிறோம் என்பது அதன் சாரம். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. இந்தக் கடிதம் கையில் வராமல் யாரும் துறப்புக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அதில்தான் என் விசா, அதில்தான் நான் பிறந்த ஊரின் பெயர். ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கியிருந்தேன். ஒப்படைத்ததற்கான ரசீதைச் சான்றிதழ் வரும்வரை கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

உறுதிமொழி நான்கு வரிதான். சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசமைப்புக்கு உண்மையாகவும் பற்றுடனும் இருப்பேன், சட்டங்களை மதித்து நடப்பேன், குடிமகளின் கடமைகளை நிறைவேற்றுவேன் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் மனதார ஏற்றுத்தான் சொன்னேன்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுத்தாயிற்று. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கவும் எழுதியிருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வந்ததும் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் இருக்கலாம். 30 நாள் தனக்குப் போதாது என்கிறார் அம்மா. மாங்காய்ப் பருவம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை என்று பிரித்துப் போய்வரலாம் என்று இருக்கிறேன்.