ஒரே அளவில் தங்கம்

இன்று ஆய்வகத்தில், கொதித்துக்கொண்டிருந்த வெளிர் மஞ்சள் தங்கக் கரைசலில் மாணவி ஒருவர் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்ததும், அது நிறமிழந்து, பிறகு கருநீலமாகி, சில நிமிடங்களில் மாதுளைச் சிவப்பில் வந்து நின்றது.

1951இல் டர்கெவிச்சும் சக ஆய்வாளர்களும் விரிவாக ஆராய்ந்த முறை இது; சுமார் 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தங்கத் துகள்களைத் தரும். சிட்ரேட்டின் அளவைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்று 1973இல் ஃபிரென்ஸ் காட்டினார்.

அந்தத் துகள்களால் வரும் சிவப்பு அழகுதான். ஆனால் துகள்கள் அனைத்தும் ஒரே அளவா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்லும்.

லாமெரும் டினேகரும் 1950இல் கந்தகக் கூழ்மங்களை (நீரில் பரவி நிற்கும் நுண்துகள்களை) கொண்டு அளித்த விளக்கத்தின்படி, துகள்கள் ஒரே அளவாக அமைய, கருக்கள், அதாவது துகள்களின் முதல் சிறு தொடக்கங்கள், அனைத்தும் ஒரே வீச்சில் பிறந்து, அதன்பின் புதிதாக எதுவும் பிறக்காமல், பிறந்தவை மட்டுமே வளர வேண்டும். பந்தியில் பாதியில் வந்து அமர்ந்தவரும் மற்றவர்களோடு சேர்ந்து எழ வேண்டுமென்றால், எல்லோர் வயிறும் ஒன்றுபோல் நிறையுமா?

குடுவை பெரிதாகப் பெரிதாக, கலப்பதும் சூடேறுவதும் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன; அதனால் கருக்கள் ஒரே வீச்சில் பிறப்பது கடினமாகிறது. விரைவுப் பரிசோதனைப் பட்டைகளில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்களே என்பதால், இது வெறும் அழகியல் கவலை அல்ல.

முன்பே செய்த சிறு விதைத் துகள்களின் மேல் உலோகத்தை வளர்ப்பது ஒரு வழி. எனக்கு அதிக நம்பிக்கை தருவது, மெல்லிய குழாய்களில் கரைசலை இடைவிடாது ஓடவிடும் முறை. குழாய்ச் சுவரில் தங்கம் படிவது அதன் தொல்லை. கரைசலை எண்ணெய் சூழ்ந்த துளிகளாக அனுப்பினால் அது பெரிதும் குறைகிறது.