75 சதவீத நேரம்

உங்கள் பணி நேரத்தில் 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க முடியுமா என்று விண்ணப்பித்திருந்த ஒரு பெண் மருத்துவரிடம் கேட்டது நான்தான். பணியின் நடுக்கட்டத்தில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஆராய்ச்சி ஃபெலோஷிப் அது. தேர்வுக் குழுவில் மதிப்பெண் போடுவதை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். நிறுவன ஆதரவு என்ற பகுதி என் பங்கில் வந்தது. அவருக்கு முன்னால் வந்த எல்லோரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தேன். எல்லோரும் முடியும் என்றார்கள். டீன் கையெழுத்துப் போட்ட கடிதமும் எல்லோருடைய விண்ணப்பத்திலும் இருந்தது. அவருடையதிலும் இருந்தது.

"கடிதத்துல அப்படித்தான் இருக்கு சார். நடைமுறையில பாதிகூட வராது. யூனிட்டுல மூணு பேர் இருக்கணும். ஒரு இடம் காலி. இன்னொருத்தரை வாரத்துல பாதி நாள் வேற ஆஸ்பத்திரிக்கு டெபுடேஷன்ல அனுப்பிடுறாங்க."

குழுத் தலைவர் குறுக்கிட்டார். அப்படியானால் இந்தக் கடிதத்தை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். "டீன் நல்ல மனசோடதான் கொடுத்தார். அவரால ஆள் கொடுக்க முடியாது சார், கடிதம்தான் கொடுக்க முடியும்" என்று பதில் வந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நிறுவன ஆதரவுக்கு நான் குறைந்த மதிப்பெண் போட்டேன். மற்ற பகுதிகளில் நல்ல மதிப்பெண்தான். கூட்டிப் பார்த்தபோது வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றார்.

அந்த மதிப்பெண்ணை மாற்றியிருக்கலாமா என்று யாராவது கேட்டால், மாற்றியிருக்க முடியாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த 75 சதவீத விதி யாரோ மேசையில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் எழுதியது அல்ல. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.ஹெச்., ஆராய்ச்சியாளர்களை வளர்ப்பதற்காகத் தரும் கே வகை விருதுகளில் பெரும்பாலானவை 75 சதவீத நேரத்தைக் கேட்கின்றன. பணத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தை வாங்கித் தராவிட்டால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருக்கிறேன். ரத்த மாதிரிகளை வைக்க வாங்கிய மைனஸ் எண்பது டிகிரி ஃபிரீசர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வராந்தாவில் நிற்கும். களப்பணியாளர் சம்பளம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். ஆராய்ச்சியாளர் ஓ.பி.யில் முன்னூறாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவருக்கும் நல்லதல்ல, பணத்துக்கும் நல்லதல்ல.

சரி. ஆனால் அதே என்.ஐ.ஹெச்., சில விருதுகளில் அறுவை சிகிச்சைத் துறையினர் மட்டும் 50 சதவீதம் ஒதுக்கினால் போதும் என்று தளர்த்தியிருக்கிறது. கத்தியை விட்டு விலகியிருந்தால் கைத்திறன் போய்விடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். தங்கள் ஊர் மருத்துவர்களின் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் அதற்கேற்ப விதியை வளைத்தார்கள். நம் ஊர் மருத்துவக் கல்லூரி வார்டு எப்படி இருக்கும் என்று அந்தக் குழுவில் தெரிந்தவன் நான். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

அவர் கொண்டுவந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி எது என்பதை விட்டுவிடுகிறேன். ஸ்க்ரப் டைஃபஸ், நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஓர் உண்ணியின் இளம்பருவப் பூச்சி கடித்துப் பரவும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர்மாதங்களிலும் அதிகம் வரும். தட்டணுக்கள் குறைவதால் பல இடங்களில் டெங்கு என்றே நினைத்துவிடுவார்கள். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் போதும், விலை மலிவான மாத்திரை. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

கடித்த இடத்தில் கருப்பாக ஒரு பக்கு இருக்கும், சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி. அது இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆனால் கண்ணில் படும் இடத்தில் இருக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பக்கம், இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடம். அவர் ஒரு படம் காட்டினார். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த ஒரு பாட்டியின் முழங்கால் மடிப்பில், மிளகு அளவில் ஒரு பக்கு. ஐந்து நாட்களாக இரண்டு இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர். யாரும் முழங்காலை மடக்கிப் பார்க்கவில்லை.

"பாக்குறதுக்கு ஸ்க்ரீன் வேணும், கூட ஒரு பெண் வேணும், நாலு நிமிஷம் வேணும். என்கிட்ட ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஸ்டாஃப் நர்ஸுக்குப் பயிற்சி கொடுத்து, காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்க்கவைத்து, பக்கு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் டோஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் எத்தனை பேர் ஐ.சி.யூ. போகாமல் தப்பிப்பார்கள் என்பதே அவருடைய கேள்வி.

எவ்வளவு நல்ல கேள்வி! நேரமில்லாத ஒரு மருத்துவருக்குத்தான் இது தோன்றும். அதே நேரமின்மைக்காகத்தான் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தோம்.

இந்த நோயில் இந்தியாவிலிருந்து பெரிய வேலை வராமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு, தீராத சிக்கல், இறங்காத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், கூட்டு மருந்து பெற்றவர்களில் அந்த நிலை 33 சதவீதம். இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் பெற்றவர்களில் 47, 48 சதவீதம். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் நிதி அதில் இருந்தது. ஆராய்ச்சிக்கு என்றே கட்டமைப்பை ஏற்படுத்திவைத்திருக்கும் நிறுவனத்தில் சரியான ஆளிடம் பணம் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. நேர்காணல் முடிந்த பிறகு குழுவிலும் இதைச் சொன்னார்கள். வலுவான இடத்தில் போட்ட பணம் பலன் தருகிறது, பார்த்தீர்களா என்று. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

ஆனால் வலுவான இடங்கள் எத்தனை? 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. அதில் 332 நிறுவனங்கள், அதாவது 57 சதவீதத்துக்கும் மேல், அந்தப் பத்து ஆண்டில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வெறும் 25 நிறுவனங்களிலிருந்து மொத்தத்தில் 40 சதவீதம் வந்திருந்தது. நிறுவன ஆதரவு என்று தனியாக மதிப்பெண் வைத்தால் அந்த 25க்குத்தான் மறுபடி மறுபடி போகும். போகட்டும், அவர்கள் உழைத்து வளர்ந்தவர்கள். ஆனால் பணியின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு என்று தனியாக நிதி வைத்ததே எதற்கு? எம்.டி. முடித்து, அரசுப் பணியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, நாற்பதைத் தாண்டும்போதுதான் ஒரு மருத்துவருக்குத் தன் நோயாளிகளைப் பற்றி உருப்படியான கேள்வி வருகிறது. இளம் ஆராய்ச்சியாளர் நிதிக்கு வயது போய்விட்டது. மூத்தவர்களுக்கான நிதிக்குக் கட்டுரைகள் போதாது. அந்த இடைவெளியில் நிற்பவரைத் தூக்கிவிடத்தானே இந்த ஃபெலோஷிப்?

தேநீர் இடைவேளையில் வராந்தாவில் எதிரே வந்தார். குழுவில் நம் ஊர்க்காரன் நான் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "சார், நான் ஆமான்னு சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டார்.

விண்ணப்பதாரர்களோடு பேசக் கூடாது என்பது விதி. அதனால், "முடிவு மெயில்ல வரும்மா, பத்திரமா ஊர் போய்ச் சேருங்க" என்று மட்டும் சொன்னேன். விதி இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பலமுறை யோசித்துவிட்டேன். உண்மையைச் சொன்னது சரிதான் என்று சொல்லியிருந்தால், அதற்காகக் குறைந்த மதிப்பெண் போட்ட கையோடு சொல்லியிருப்பேன். ஆமாம் என்றிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மருத்துவரைப் பொய் சொல்லத் தூண்டியவன் ஆகியிருப்பேன்.

அதே சுற்றில் தேர்வான இன்னொருவரின் இடத்துக்கு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்வையிடப் போயிருந்தேன். அவர் 75 சதவீதம் என்று தயங்காமல் சொன்னவர். காலையில் ஓ.பி., பிறகு வார்டு, பிற்பகலில் மாணவர் வகுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆராய்ச்சி, அதுவும் வீட்டுக்குப் போகாமல். நோயாளி பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ரத்த மாதிரிகளில் தேதியும் நேரமும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளை இரண்டு நாளாக்கி அதில் 75 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அறிக்கையில் முன்னேற்றம் திருப்திகரம் என்று எழுதினேன், அதுவும் உண்மைதான். அந்த அம்மாவாலும் இப்படிச் செய்திருக்க முடியும். அல்லது வீட்டுப் பொறுப்புகளோடு மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்கு முடியாமலும் போயிருக்கலாம். அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

இப்போது என் மனம் சுற்றிச் சுற்றி வருவது அவருடைய பட்ஜெட்டில் இருந்த ஒரு வரியில். எம்.டி. முடித்த ஒரு மருத்துவர், முழுநேரம், தன் வார்டுப் பணிக்கு மாற்றாக என்று கேட்டிருந்தார். முதல்கட்டப் பரிசீலனையிலேயே அலுவலகம் அதை அடித்துவிட்டது. ஆராய்ச்சி நிதியைச் சிகிச்சைப் பணிக்குச் செலவிட முடியாது என்று குறிப்பு. அதாவது, நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. அந்த வழியை நாங்களே மூடினோம். மூடிய பிறகு நேரம் இருக்கிறதா என்று கேட்டோம். மற்ற விண்ணப்பங்களில் யாரும் அந்த வரியைக் கேட்டதாக நினைவில்லை.

பற்றாக்குறையிலிருந்து பெரிய ஆராய்ச்சி பிறந்ததற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியிருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959இல் காட்டியது. எல்லோருக்கும் தரப் படுக்கை இல்லை என்பதுதான் அந்தக் கேள்வியின் வேர். உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறியது. ஆனால் அந்த ஆய்வுக்கு மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து தனியாக ஆட்களையே கொடுத்தார்கள். வார்டு டாக்டர் ஒருவரின் கையில் கடிதத்தைக் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று விடவில்லை.

இதை நிதிப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். காலியிடத்துக்கு நாம் ஆள் கொடுத்தால் அரசு எதற்காக அதை நிரப்பும் என்று கேட்டார். நாம் சம்பளம் கொடுக்கும் டாக்டர் பார்த்த நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? ஐந்து வருடம் கழித்து நிதி முடிந்ததும் அவர் போய்விட்டால் வார்டு என்ன ஆகும்? மூன்றும் சரியான கேள்விகள். எனக்கு மூன்றாவதற்குத்தான் பயம்.

ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அந்த வரியை அனுமதிக்கக் கேட்கப்போகிறேன், முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டுமாவது. டீன் கடிதத்தில் சதவீதம் வேண்டாம் என்றும் சொல்லப்போகிறேன். யூனிட்டில் எத்தனை இடம், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இவர் களத்துக்குப் போகும் நாளில் ரவுண்ட்ஸ் எடுப்பவர் யார் என்று எழுதட்டும். அப்படி எழுதச் சொன்னால் அந்த அம்மாவின் கல்லூரி மாதிரி இடங்கள் நேர்காணல்வரைகூட வராது என்கிறார் நண்பர். அதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. மாற்று மருத்துவருக்கான வரியை மட்டும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.